வாசகர் கேள்வி–பதில்: லாந்தர் ஏன் புகைகிறது?

மழைக்காலம் நெருங்கும்போது பரணில் கிடக்கும் விளக்குகள் கீழே இறங்குவது வடசென்னை வீடுகளில் வழக்கம். இம்முறை ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள வாசகர்களிடமிருந்து எண்ணெய் விளக்கைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் சில நாட்கள் மின்சாரம் இல்லை. தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றினோம். திரியை ஏற்றினால் கண்ணாடி கரிபிடிக்கிறது. இறக்கினால் எதிரில் இருப்பவர் முகமே தெரியவில்லை. புகையாமலும் வெளிச்சம் குறையாமலும் எரியும் இடைப்பட்ட நிலை என்று ஒன்று உண்டா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உண்டு. விளக்கு நல்ல நிலையில் இருந்த காலத்தில் அந்த இடைப்பட்ட நிலை தாராளமாக இருந்திருக்கும். பரணில் கிடந்த ஆண்டுகளில் அது சுருங்கிப்போயிருக்கிறது.

விளக்கில் எரிவது பஞ்சுத் திரியன்று. திரவமாக இருக்கும் மண்ணெண்ணெயும் அன்று. திரியின் நுனியில் சூடேறி ஆவியாகும் மண்ணெண்ணெயே, காற்றைச் சந்திக்கும் இடத்தில் எரிகிறது. காற்று எட்டாத சுடரின் உட்பகுதியில் அந்த ஆவி வெப்பத்தால் சிதைந்து மிக நுண்ணிய கரித்துகள்களாக மாறுகிறது. ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அத்துகள்கள் தணலைப் போல ஒளிர்வதைத்தான் நாம் மஞ்சள் வெளிச்சமாகப் பார்க்கிறோம். சுடரின் விளிம்பை அடையும்போது போதிய காற்றுக் கிடைத்தால் அவை எரிந்து மறைந்துவிடும்; கிடைக்காவிட்டால் குளிர்ந்து புகையாகிக் கண்ணாடியில் படியும். வெளிச்சம் தருவதும் கண்ணாடியைக் கறுப்பாக்குவதும் ஒரே கரிதான். திரியை ஏற்றும்போது ஆவியின் அளவைக் கூட்டுகிறீர்கள். காற்று மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, திரியின் திருகைத் தொடுவதற்கு முன் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

அரிக்கேன் விளக்கின் இருபுறமும் உள்ள வளைந்த குழாய்களைப் பிடிமானத்துக்கான சட்டம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் விளக்கு மூச்சிழுப்பது அவற்றின் வழியாகத்தான். 1860-களில் வந்த முதல் வகையில், எரிந்து வெளியேறும் வெப்பக் காற்றின் ஒரு பகுதியே அந்தக் குழாய்களின் வழியாகத் திரும்பச் சுடருக்கு வந்தது. அதில் பிராணவாயு குறைவாக இருந்ததால் வெளிச்சமும் குறைவாகவே இருந்தது. 1870-களில் அமைப்பை மாற்றி, வெளியிலிருக்கும் புதிய காற்று மட்டும் மேலே நுழைந்து குழாய் வழியாகக் கீழிறங்கிப் பர்னரின் அடியைச் சேருமாறு செய்தார்கள். நம் ஊர்களில் புழங்கிய லாந்தர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில் இந்தத் தகரக் குழாய்கள் துருப்பிடித்து ஊசித்துளை விழுவது மிக எளிது. வளைவுகளில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. விளக்கைப் பிரித்துக் குழாய்க்குள் ஒரு மெல்லிய துணிக்கயிற்றை விட்டு இழுத்துப் பாருங்கள். துளை இருந்தால் ஈயப்பற்று வைக்கலாம். ஆனால் பற்று வைப்பவரிடம் கொடுப்பதற்கு முன் எண்ணெயை முழுவதும் வடித்துச் சலவைச் சோடா கலந்த நீரில் கழுவி, சில நாட்கள் திறந்து உலரவிட வேண்டும்.

அடுத்தது பர்னர். திரியைச் சுற்றியுள்ள சல்லடைத் தட்டின் கண்கள் ஒவ்வொன்றும் காற்றுக்கான வாசல். செத்த ஈசல், திரிக்கரி, பிசினாகிப்போன பழைய எண்ணெய் ஆகியவை அவற்றை அடைத்திருக்கும். பித்தளைப் பர்னராக இருந்தால் பழைய பாத்திரமொன்றில் சலவைச் சோடா கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். அலுமினியப் பாகங்களை இந்த நீரில் போடாதீர்கள். சோடா அவற்றை அரித்துவிடும். சல்லடைக்கு மேலே, பிளவுடன் கூடிய குவிந்த தொப்பி ஒன்று இருக்கும். அதை அழகுக்காக வைத்தது என்று நினைத்துக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். கீழிருந்து வரும் காற்றை இரு பக்கத்திலிருந்தும் சுடரின் அடிவேரில் கொண்டுபோய் மோதவைப்பது அந்தத் தொப்பிதான். அது நசுங்கியிருந்தாலோ பிளவு கோணலாக இருந்தாலோ சுடர் ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியின் ஓரிடத்தை மட்டும் கரியாக்கும்.

திரியைப் பொறுத்தவரை, பழையதை எறிந்துவிடுங்கள். பல ஆண்டுகள் எண்ணெயில் ஊறி உலர்ந்த திரியின் நூலிடுக்குகளில் பிசின் அடைத்திருக்கும். மேலே கத்தரித்தாலும் கீழிருந்து எண்ணெய் ஏறாது. பர்னரின் வாய் அகலத்துக்குச் சரியான திரியை வாங்குங்கள். குறுகலான திரியைப் போட்டால் பக்கத்தில் இடைவெளி விழும். அதன் வழியாகச் சுடர் தொட்டிக்குள் இறங்க வாய்ப்பு ஏற்படுவதால் இதை வெறும் வெளிச்சக் குறையாக எண்ணக் கூடாது. புதுத் திரியை ஒரு நாள் வெயிலில் காயவைத்துப் போட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பஞ்சு நீரை உறிஞ்சிவைத்திருக்கும். நீர் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஏறாது. போட்ட பிறகு அரைமணி நேரம் ஊறவிட்டு ஏற்றுங்கள். நுனியைக் கூரிய கத்தரியால் ஒரே வெட்டாக நேராக வெட்டி, இரு மூலைகளையும் நூலளவு மட்டும் சாய்த்து நறுக்கினால் சுடரின் ஓரங்களில் கொம்பு முளைக்காது. எரிந்த பிறகு கருகிய மேற்பரப்பை நாள்தோறும் துணியால் வழித்தெடுத்தால் போதும், அடிக்கடி வெட்டத் தேவையில்லை.

ஏற்றியவுடன் திரியைத் தூக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கண்ணாடி சூடாகி, அதற்குள் இருக்கும் காற்று மேலெழும் வேகம் பெற்ற பிறகே குழாய்களின் வழியாகப் புதுக்காற்று முறையாக இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடம் சிறு சுடராக எரியவிட்டு, அதன்பின் மெல்ல ஏற்றுங்கள். திரியின் நுனி தொப்பியின் வாய்க்குக் கீழேயே நிற்க வேண்டும்; சுடர் மட்டும் பிளவின் வழியே விரிந்து, விரல் நகத்தின் நுனியைப் போல் வழவழப்பான விளிம்போடு தெரிய வேண்டும். விளிம்பில் கூர்முனை தோன்றினால் ஒரு மயிரிழை இறக்கிவிடுங்கள். நீங்கள் கேட்ட இடைப்பட்ட நிலை அதுதான்.

எண்ணெயின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெய்க்கான இந்தியத் தரநிர்ணயத்தில், சோதனை விளக்கொன்றில் புகையாமல் எரியக்கூடிய சுடரின் உயரம் குறைந்தது 18 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. டீசல் கலந்த எண்ணெய்க்கு இந்த உயரம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட எண்ணெயை ஊற்றிவிட்டுப் பர்னரைக் குறைசொல்லிப் பயனில்லை. தொட்டியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கினாலும் திரி அதை அதிக உயரம் தூக்க வேண்டியிருப்பதால் சுடர் மங்கும்.

கேள்வி: மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் என் தந்தையார் அங்கே வாங்கிய மேசை விளக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதன் திரி குழாய் போல வட்டமாக இருக்கிறது. பட்டைத் திரி விளக்கைவிட இது பளிச்சென்று எரிவதற்குக் காரணம் திரி பெரிதாக இருப்பதா? பட்டைத் திரி பர்னரில் கூடுதலாகத் துளைகள் போட்டால் அதையும் இப்படி எரியவைக்க முடியுமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: திரி பெரிதாக இருப்பது காரணத்தில் ஒரு சிறு பங்குதான். தள்ளுவண்டிக் கடைகளில் முன்பு தொங்கிய காடா விளக்கை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரல் தடிமன் திரி. ஆனால் கிடைத்த வெளிச்சத்தைவிடப் புகையே அதிகம். உருண்டையான தடித்த திரியிலிருந்து எழும் ஆவியின் வெளிப்புறத்தை மட்டுமே காற்று தொட முடியும். நடுவில் இருப்பது வெந்து கரியாகி அப்படியே மேலே போய்விடும். கண்ணாடிக் கூண்டில்லாத எளிய திரி விளக்குகளில், செலவாகும் மண்ணெண்ணெயின் எடையில் 7 முதல் 9 விழுக்காடு வரை கரியாகவே வெளியேறுகிறது என்று 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டறிந்தது. அந்த உருண்டையை அதே அளவு பஞ்சில் பட்டையாகத் தட்டினால் சுடருக்கு இரண்டு முகங்கள் கிடைக்கின்றன. காற்று இருபுறமும் தொடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பட்டைத் திரி இப்படித்தான் வந்தது.

ஜெனீவாவில் பிறந்த ஆர்கண்ட் என்பவர் 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்னும் ஒரு படி போனார். பட்டைத் திரியை வளைத்து வளையமாக்கி, இரண்டு குழாய்களுக்கு இடையே நிறுத்தி, உட்குழாயை அடியில் திறந்துவிட்டார். சுடரின் வெளியே ஒரு காற்று, உள்ளே ஒரு காற்று. பட்டைத் திரிக்கு இரு ஓரங்கள் உண்டு. புகை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். வளையத்துக்கு ஓரமே கிடையாது. அதன்மேல் கண்ணாடிப் புகைபோக்கியையும் வைத்தபோது காற்றிழுப்பு வலுத்து, பல மெழுகுவத்திகளுக்கு ஈடான ஒளி ஒரே விளக்கில் கிடைத்தது. 1784-இல் இங்கிலாந்தில் அவர் காப்புரிமை பெற்றார். அப்போது மண்ணெண்ணெயே புழக்கத்துக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள்: எரிபொருள் மாறாமலேயே, காற்று வரும் வழி மாறியதால் மட்டும் வெளிச்சம் பெருகியது.

உங்கள் விளக்கின் நடுக்குழாய் உச்சியில் பொத்தான் போன்ற ஒரு துளைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஏறும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பிச் சுடரின் உட்புறத்தில் பாய்ச்சுவது அதன் வேலை. அது தொலைந்துபோயிருந்தால் காற்று வீணாக நேரே மேலே போய்விடும். சுடரும் நீண்டு புகையும்.

பட்டைத் திரி பர்னரில் துளை போட வேண்டாம். காற்று தேவைக்கு மேல் போனால் கரித்துகள் உண்டாவதற்கு முன்பே ஆவி எரிந்து சுடர் நீலமாகிவிடும். திரி ஸ்டவ்வில் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்; அது நன்றாகச் சமைக்கும், ஆனால் அதன் வெளிச்சத்தில் கடிதம் படிக்க முடியாது. காற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற கணக்கில் அந்தத் துளைகளின் எண்ணிக்கையைச் செய்தவர் முடிவுசெய்திருக்கிறார். துரப்பணம் வைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. தந்தையார் வாங்கிய பொருள் வேறு.

கேள்வி: கிருஷ்ணாயில் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. சிம்னி விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றினேன். சிறிது நேரத்தில் திரியே கருகி அணைந்துவிட்டது. ஆனால் அதே எண்ணெய் குத்துவிளக்கில் நன்றாக எரிகிறதே, ஏன்?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: விளக்குக்கு எண்ணெய் கிடைக்காமல் தவிப்பது உங்கள் ஊருக்குப் புதிதன்று, அம்மா. அறுபத்து மூவரில் ஒருவரான கலிய நாயனார் திருவொற்றியூர்ச் செக்கார். கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் போனபோது தம் குருதியையே ஊற்றத் துணிந்தவர்.

உங்கள் கேள்விக்கான விடை எண்ணெயின் கொழகொழப்பில் இருக்கிறது. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயைவிட ஏறத்தாழ இருபது மடங்கு கெட்டியாக ஓடுபவை. ஆமணக்கெண்ணெய் அதைவிடப் பல மடங்கு கெட்டி. மண்ணெண்ணெய் விளக்கில் தொட்டிக்கும் சுடருக்கும் இடையே நான்கு விரற்கடைக்கு மேல் தொலைவிருக்கும். மெல்லிய மண்ணெண்ணெய் அதைத் தாண்டித் தேவையான வேகத்தில் ஏறிவிடும். நல்லெண்ணெய் ஏறுவதற்குள் நுனியில் இருப்பது தீர்ந்து, பஞ்சே எரியத் தொடங்கும். அகலிலும் குத்துவிளக்கிலும் எண்ணெய் சுடருக்கு அருகிலேயே, ஏறக்குறைய அதே மட்டத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை எழுவதில்லை. நம் முன்னோரின் விளக்குகள் ஆழமற்ற தட்டாக அமைந்ததற்கு இந்த எண்ணெய்களே காரணம்.

ஆகவே சிம்னி விளக்கில் சமையல் எண்ணெய் வேண்டாம். மீந்துபோன பொரித்த எண்ணெய் அறவே வேண்டாம். அதிலுள்ள துகள் திரியை அன்றைக்கே அடைத்துவிடும். குத்துவிளக்கின் வெளிச்சத்தைக் கூட்ட விரும்பினால், ஒரே முகத்தில் தடித்த திரி போடுவதைக் காட்டிலும் ஐந்து முகத்திலும் மெல்லிய திரி போடுங்கள்; முன்சொன்ன காடா விளக்கின் கணக்குத்தான் இங்கும். எண்ணெயை விளிம்பை ஒட்டிய மட்டத்திலேயே வைத்திருங்கள். தேங்காய் எண்ணெயானால் மார்கழி விடியலில் உறையத் தொடங்கிச் சுடர் மங்கும், ஏனெனில் அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே கெட்டியாகிவிடும். மற்றபடி அது விளக்கெரிக்க ஏற்ற எண்ணெய்தான். 1796-இல் சென்னைக்கு வந்த முதல் கலங்கரை விளக்கமே, இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெயில்தான் எரிந்தது.

கேள்வி: மண்ணெண்ணெயில் உப்புப் போட்டால் வெளிச்சம் கூடும் என்கிறார்கள், கற்பூரம் போடலாம், கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உப்பு மண்ணெண்ணெயில் கரையவே கரையாது, அடியில் கிடந்து, எண்ணெயோடு வந்த சிறிது நீரை வேண்டுமானால் இழுத்துக்கொள்ளும். கற்பூரம் கரையும், சுடரும் சற்று வெளுக்கும். ஆனால் கற்பூரத்தின் புகை எத்தகையது என்பது ஆரத்தித் தட்டைத் துலக்குபவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்குக் குறைந்தது 35 டிகிரி வெப்பமாவது வேண்டும் என்பது தரவிதி. பெட்ரோலின் ஆவியோ பனிக்கட்டியின் குளிரிலும் பற்றிக்கொள்ளும். கலந்த எண்ணெயை ஊற்றிய தொட்டி விளக்காக இருக்காது, வெடியாக இருக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கவும் வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மீன் ஏலத்துக்கும் வலை பின்னவும் எங்கள் வீட்டில் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தோம். அதே மண்ணெண்ணெய்தான், ஆனால் வெளிச்சம் பகல் போல இருக்கும். இப்போது ஏற்றினால் மேன்டில் மஞ்சளாக மங்கி எரிகிறது, சில இடங்களில் கறுத்தும் போகிறது. என்ன கோளாறு?
— வாசகர், காசிமேடு

பதில்: பெட்ரோமாக்ஸில் சுடர் ஒளிர்வதில்லை; மேன்டில்தான் ஒளிர்கிறது. பம்பு அடித்து எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, நிப்பிளின் நுண்துளை வழியாகப் பீய்ச்சும்போது, அது போகிற வேகத்தில் காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டு ஸ்டவ்வைப் போல நீலமாக எரிகிறது. அந்த நீலச் சுடருக்குள் மேன்டிலின் சாம்பல் வலை நிற்கிறது. ஆவர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1885 முதல் பல கலவைகளைச் சோதித்து இறுதியில் கண்டறிந்த அளவு, தோரியம் ஆக்ஸைடு 99 பங்கு, சீரியம் ஆக்ஸைடு 1 பங்கு என்பது. கரித்துகளைப் போல வெப்பத்தையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிராக வீணாக்காமல், வெள்ளொளியாகவே அதிகம் தருவது இந்தக் கலவையின் சிறப்பு. அதனால் ஒரே அளவு எண்ணெய்க்கு லாந்தரைப் போல ஐந்தாறு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. அந்தத் தோரியத்துக்காகத்தான், 1909-இல் கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஒருவர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கினார்.

மேன்டில் மஞ்சளாவதும் கறுப்பதும் ஆவி போதிய காற்றை இழுக்கவில்லை என்பதன் அடையாளம். நிப்பிள் துளை பாதி அடைத்திருந்தால் பீய்ச்சும் வேகம் குறையும். பின் (குத்தூசி) அடித்துப் பாருங்கள், தேய்ந்திருந்தால் நிப்பிளையே மாற்றிவிடுங்கள். பல ஆண்டுகள் கழித்துப் பல முறை பின் அடித்த துளை பெரிதாகியிருந்தாலும் இதே விளைவுதான், ஏனெனில் காற்றுக்கு மிஞ்சிய ஆவி வந்துவிடும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். குழாயைச் சூடாக்க ஊற்றும் ஸ்பிரிட்டை முழுவதும் எரியவிடாமல் அவசரப்பட்டுத் திறப்பதும் ஒரு காரணம். மேன்டிலில் படிந்த கரி, அழுத்தம் சரியானால் தானே எரிந்து வெளுத்துவிடும். கையால் தொட்டால் உதிர்ந்துவிடும். பழைய மேன்டிலில் உள்ள தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உடையதாகையால் உதிர்ந்த தூளை ஊதாமல், ஈரத்துணியில் ஒற்றியெடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு லாந்தரைச் சரிசெய்தால் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? மின்தடையில் படிப்பதற்குப் போதுமா?
— மாணவி, வியாசர்பாடி

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள நடுத்தர லாந்தர் மணிக்கு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 35 கிலோஜூல் ஆற்றல் உண்டு. ஆக மணிக்கு 875 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 240 வாட். அதற்குக் கிடைக்கும் ஒளி 50 லூமன் அளவில்தான். 9 வாட் எல்இடி பல்பு 800 லூமனுக்கு மேல் தருகிறது. பர்னரை எத்தனை நுணுக்கமாகச் சீர்செய்தாலும் இந்த இடைவெளி அடையாது. புகையாமல் எரியவைப்பதும், உள்ளதை வீணாக்காமல் இருப்பதும்தான் நம்மால் ஆகக்கூடியது. எனவே, படிப்பதற்கு மின்னேற்றம் செய்யும் எல்இடி விளக்கொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாந்தர் கூடத்துக்கும் வாசலுக்கும் இருக்கட்டும்.

அதன் ஒளியில்தான் படித்தாக வேண்டும் என்றால், விளக்கைக் கண்ணுக்கு நேரே வைக்காமல் இடது தோளுக்குச் சற்று மேலே, புத்தகத்திலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். தொலைவு பாதியானால் தாளில் விழும் ஒளி நான்கு மடங்காகும். எந்தப் பர்னர் வேலையும் இவ்வளவு ஆதாயம் தராது. விளக்குக்குப் பின்னால் பழைய முகக்கண்ணாடியையோ துலக்கிய தகரத்தையோ நிறுத்தினால் சுவர்ப்பக்கம் போகும் ஒளியும் உங்கள் பக்கம் திரும்பும். கண்ணாடிக் கூண்டை ஆறிய பிறகு தினமும் செய்தித்தாளால் துடையுங்கள். சூடாக இருக்கும்போது ஈரத்துணி பட்டால் விரிசல் விட்டுவிடும். படிக்கும் அறையின் சன்னலை, மழைச்சாரல் அடித்தாலும், நான்கு விரலாவது திறந்து வைத்திருங்கள்.